மைனி திருப்பிக் கேட்ட செடி

மைனி என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைவிட வெட்டுத்துணி வாங்கிக்கொண்டு போனதுதான் அதிகம். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறவள் நான். பத்தாவது வரைதான் படிப்பு. வெட்டும்போது கீழே விழுகிற துண்டுகளை ஒரு சாக்கில் சேர்த்து வைப்பேன். மைனி அடிக்கடி வந்து அந்தச் சாக்குக்குள் கையை விட்டு, பருத்தித் துண்டாகப் பார்த்துப் பொறுக்குவார். பாலியெஸ்டர் ஆகாது.

"தண்ணி குடிக்காத துணி எதுக்குட்டி? வேரு வறண்டுலா போவும்" என்பார்.

அந்தத் துண்டை நனைத்து, செடிக்கொம்பின் அடியில் சுற்றி, நூலால் கட்டி, வீட்டுக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார். எங்கள் ஊரில் பாதி வீட்டுச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் யாருடைய ஜாக்கெட் துணியையோ உடுத்திக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தன. கரண்டு கணக்கெடுக்க வருகிறவரையும் அவர் விட்டதில்லை.

"போன தடவ குடுத்ததே வண்டிப் பெட்டிக்குள்ள கெடக்கு மைனி" என்று அந்த மனிதர் ஒருநாள் தப்பிக்கப் பார்த்தார்.

"தொறங்க, பாப்போம்."

திறந்தால், அந்தக் கொம்பு இருட்டுக்குள்ளேயே வெளிறிப்போன ஒரு துளிர் விட்டிருந்தது.

"நீங்க மறந்தாலும் அது மறக்கல, பாத்தியளா? இப்பவாவது வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

எனக்கு அவர் சொந்தம் இல்லை. மதினியை எங்கள் பக்கம் மைனி என்போம். அவர் தெருவில் எல்லாருக்கும் மைனி. இப்போது அவர் உயிரோடு இல்லை. பூவைப் பற்றியோ கீரையைப் பற்றியோ யார் பேசினாலும் அவர் பேச்சு வந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்குச் சிரிக்க வருவதில்லை.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் இருக்கிறது. தாமிரபரணியில் பிரிந்து வருகிற வாய்க்கால் எங்கள் தெருவின் பின்சுவர்களை ஒட்டிப் போகும். அதற்கு அந்தப் பக்கம் வயல். வீட்டுச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள கரையைத்தான் மைனி தன் தோட்டம் என்று நினைத்திருந்தார்.

"உசுரு உள்ளதைக் குப்பையில போடப்பிடாது பிள்ள" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். கிளை கத்தரித்தால் கத்தரித்ததையெல்லாம் நட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோயில் பீடத்துப் பூச்சாடியில் வாடிய பூவோடு நிற்கிற குரோட்டன்ஸ் கொம்புகளை உருவி எடுத்துக்கொண்டு வருவார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் ஒருமுறை, "மைனி, பிரசங்கம் முடியுத வரைக்குமாவது சாடியில இருக்கட்டும்" என்று சொன்னார். மைனிக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் எடுத்தார்.

அவருக்கு எல்லாச் செடியிலும் மேலானது மஞ்சள் கரிசாலை. கரிசலாங்கண்ணியில் மஞ்சள் பூப் பூக்கிற வகை. தண்ணீரை வயலுக்குத் திருப்புகிற மடைப் பக்கம், ஈரம் காயாத கரையில் அது படர்ந்து கிடந்தது. மைனிக்குக் கலியாணமான புதிதில் அவர் புருஷனுக்கு, எங்களுக்கெல்லாம் அண்ணன், காமாலை வந்து படுக்கையில் கிடந்தாராம். ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தார்கள். மைனி கூடவே இந்தக் கீரையையும் கடைந்து கொடுத்தார். அண்ணன் எழுந்து நடந்தார். எது குணப்படுத்தியதோ, மைனி நன்றி சொன்னது கீரைக்கு.

அந்த மடைக்கரையில் கரிசாலை மட்டும் இல்லை. பொன்னாங்கண்ணி, பொடுதலை, வல்லாரை, ஆரை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். ஒரு கை விரித்து வைத்தால் அதற்குக் கீழே நாலு வகை இலை இருக்கும். மைனி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் நுனியை மட்டும் கிள்ளுவார். ஒரே இடத்தில் அதிகம் எடுக்கமாட்டார்.

ஒரே ஒரு குறை அவருக்கு இருந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்க ஆசைப்பட்ட அந்தக் கரிசாலை, தொட்டிக்கு வந்தால் நிற்காது. என் சாக்கில் இருந்த நல்ல பருத்தித் துண்டையெல்லாம் சுற்றிக் கொடுத்துப் பார்த்தார். வாங்கிப் போனவர்கள் வாடிப்போச்சு என்றுதான் வந்து சொன்னார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனோம். புது மண்டபம். வாசலில் புல்தரையைச் சுற்றி ஒரு செடி, பாய் விரித்த மாதிரி பச்சைப்பசேலென்று படர்ந்து, மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடந்தது. பட்டுச்சேலையோடு மைனி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, இங்கன பாரு. நம்ம கரிசாலை."

"இலை பெருசா இருக்கே மைனி."

"நம்ம கரையில பட்டினி கெடக்கு. இவன் உரம் போட்டு நல்லா ஊட்டியிருக்கான். அதான் தடிச்சுப் போயி நிக்கி."

தோட்டக்காரரிடம் கேட்டு நாலு கொடி வாங்கினார். பந்தியில் கை துடைக்க வைத்திருந்த காகிதத்தை நனைத்துச் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் அடிக்கடி பையைத் திறந்து பார்த்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அது பிழைத்தது என்று சொன்னால் போதாது. எங்கே தொட்டாலும் வேர் விட்டது. தொட்டியில், ஓட்டை வாளியில், சாக்கடை ஓரத்தில், நிழலில், வெயிலில் எல்லாம் வளர்ந்தது. மைனி ஒரு தடவை கடைந்து பார்த்தார். சொரசொரவென்று இருந்தது, கசந்தது. "உரத்துல வளந்ததுலா, ரெண்டு மழை பெஞ்சா சரியாப் போவும்" என்றார். சமையலுக்கு மட்டும் பழையபடி மடைக்கரைக்கே போனார்.

எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், கோழி என்று அவரவர் விளைவித்ததைக் கொண்டு வந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். வருகிற துட்டு கோயிலுக்கு. மைனி அந்த வருஷம் பெயிண்டு வாளிகளில் அந்தச் செடியை வைத்துக் கொண்டு வந்தார். ஏலம் போடுகிறவர் மளிகைக்கடை அண்ணாச்சி.

"மஞ்சக் கரிசாலை. அழகுக்கு அழகு, மருந்துக்கு மருந்து. மைனி கை பட்டது. காய்ஞ்சு போச்சுன்னா என்ட்ட வாங்க, பதிலுக்குக் கோழி தாரேன்."

"எந்தக் கோழி அண்ணாச்சி? மத்தியானம் உங்க வீட்டுக் கொழம்புக்குப் போவுத கோழியா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

எல்லா வாளியும் போய்விட்டது. அடுத்த வருஷமும் கொண்டு வந்தார், அதற்கடுத்த வருஷமும் கொண்டு வந்தார். பண்டிகை பார்க்க வந்த அக்ரகாரத்துக்காரர்கள்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் அதற்கு மைனி செடி என்றே பெயர் வந்தது. மைனி அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

தொட்டியில் நெரிசலானால் பாதியைப் பிடுங்க வேண்டியிருக்கும். குப்பையில் போட அவருக்கு மனசு வராது. கூடையில் அள்ளிக்கொண்டு போய், படியிறங்கி, வாய்க்கால் தண்ணீரில் பைய விடுவார். "போ, எங்கனயாவது ஒதுங்கிப் பொழச்சுக்கோ" என்பார். கொடிகள் மிதந்து போவதை நின்று பார்ப்பார்.

சில வருஷம் கழித்து, பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற சமயம், மைனி கீரைப்பெட்டியோடு மடைக்கரைக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் ஒரு கைப்பிடிகூட இல்லை. நான் வெள்ளை லைனிங் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். அதன்மேல் இரண்டு இலைகளை வைத்தார்.

"துணி வெட்டி வெட்டி உனக்குக் கண்ணு பழகியிருக்கும். ரெண்டும் ஒண்ணா, சொல்லு."

ஒரு இலை ஒடுங்கி நீளமாக இருந்தது. இன்னொன்றில் நடுவில் ஒரு நுனி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நுனி. பளபளவென்று தடித்திருந்தது.

"இல்ல மைனி. இது கையில்லாத ஜாக்கெட். அது கை வச்சது."

மைனி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"கரை முழுக்க கை வச்சதுதான் கெடக்கு. கையில்லாதது மடைக் கல்லு இடுக்குல கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டு நிக்கி. பொடுதலையக் காணும். வல்லாரையக் காணும். நான் எல்லாம் ஒண்ணுன்னுலா நெனச்சிட்டு இருந்தேன்."

அப்போது என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது நம்ம ஊருச் செடி இல்ல அத்தை. அழகுக்காக வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்தது. கணுவுக்குக் கணு வேர் விடுமாம். பக்கத்துல ஒண்ணையும் வளர விடாதாம்."

"திங்கலாமா?"

"தெரியாம திங்கக்கூடாது அத்தை."

மைனி இரண்டு இலைகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "அப்ப ஊருக்கெல்லாம் நான் என்னத்தக் குடுத்தேன்?" என்று கேட்டார்.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"எங்கூட வா. குடுத்ததைத் திருப்பி வாங்கணும். மடையில மிச்சம் நிக்கதாவது பொழைக்கணும்லா?"

"எனக்கு ஆள்கள்ட்டப் பேச வராது மைனி."

"நான் பேசுதேன். நீ சும்மா நில்லு. தனியாப் போனா கிறுக்குன்னு நெனப்பாவ."

முதலில் மளிகைக்கடை அண்ணாச்சி வீடு. அவர் வீட்டுக் கிணற்றடியைச் சுற்றி மஞ்சளாகப் பூத்திருந்தது. மைனி கை வைத்த இலை, கையில்லாத இலை என்று எல்லாம் விளக்கினார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"மைனி, இது ஏலத்துல எடுத்தது. துட்டு கோயிலுக்குப் போச்சு. திருப்பிக் கேக்கதுன்னா நீங்க கர்த்தர்ட்டலா போயிக் கேக்கணும்?"

"வெளையாடாதிய அண்ணாச்சி."

"நான் எங்க வெளையாடுதேன். பொம்பளையாளுக்கு அது மேல உசுரு. நான் பிடுங்குனா என்னய வெளிய பிடுங்கிப் போட்டுருவா."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. காப்பி வந்தது. குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தோம்.

அடுத்த தெருவில் ஓர் அக்கா, மைனிக்கு ஒருவகையில் சொந்தம். செடியைத் திருப்பித் தா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என் மேல என்ன வருத்தம் மைனி?"

"வருத்தமா? ஒண்ணும் இல்லியே."

"ஒண்ணும் இல்லாமலா குடுத்ததைக் கேக்கிய? போன மாசம் எங்க வீட்டு அசனச் சாப்பாட்டுக்கு உங்கள நேர்ல வந்து அழைக்கலன்னு மனசுல வச்சிருக்கிய."

மைனி எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. ஒரு தொட்டியைத் தூக்கி வந்து டக்கென்று மைனி காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் ஊரில் கொடுத்த செடியைத் திருப்பி வாங்குவது உறவை முறிப்பது மாதிரி. அது மைனிக்கும் தெரியும். தெரிந்தே கேட்டார். அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இன்னொரு வீட்டில், புருஷன் போன பிறகு தனியாக இருக்கும் ஒரு பெண், "நீங்க குடுத்ததுலயே இது ஒண்ணுதான் எங்க வீட்டுல காயாம நிக்கி மைனி" என்றாள். மைனி அதற்குமேல் அங்கே கேட்கவே இல்லை.

கடைசி வீட்டில்தான் ஒருவர் உடனே சரி என்றார். "சவத்தை இப்பவே பிடுங்கிருதேன் மைனி, ஒரே நச்சரிப்பு" என்று மண்வெட்டியை எடுத்துக் கொத்தினார். மைனி முகம் தெளிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அத்தனையையும் வாரிச் சுருட்டி, பின்சுவருக்கு மேலே வாய்க்காலில் எறிந்தார்.

மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கொடிகள் மிதந்து போய் ஒவ்வொன்றாக மடைக் கல்லில் தட்டி நின்றன.

"ஏன் மைனி, தப்பா செஞ்சிட்டனா?" என்று கேட்டார் அவர்.

"நீ எங்கப்பா செஞ்ச. நான்லா இவ்வளவு நாளும் செஞ்சேன்" என்றார் மைனி.

அதன் பிறகு அவர் வீடுவீடாகப் போகவில்லை. ஊரிலும் பேச்சு பரவிவிட்டது. "முந்தி குடுக்க வருவாவ, இப்ப பிடுங்க வாராவ" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் தெருவில் வந்தால் கேட்டைச் சாத்தினவர்களும் உண்டு. மைனி தினமும் காலையில் மடைக்கரைக்குப் போய் உட்கார்ந்தார். கல் இடுக்கில் மிஞ்சிய கரிசாலையைச் சுற்றிக் கை வைத்த இலையை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினார். நானும் தையல் இல்லாத நேரம் போவேன். ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அது திரும்ப வரும் என்பதால் விரலால் மண்ணைத் துழாவி எடுக்க வேண்டும்.

பிடுங்கியதைத் தன் வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்டார். ஒருநாள் என்னை மேலே கூட்டிப் போய்க் காட்டினார். சிமெண்டுத் தரை சுட்டது. குவியலின் மேல்பக்கம் கருகியிருந்தது. காலால் விலக்கினால் அடியில் பச்சையாகத் துளிர்.

"சவம் சாக மாட்டேங்குட்டி" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு செடியைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தீப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, தான் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாளிலிருந்து அவர் யாருக்கும் செடி கொடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாழைப்பழமோ முறுக்கோ கொடுத்து அனுப்பினார். யாராவது நல்ல செம்பருத்தியாக ஒரு கொம்பு கேட்டால், "கடையில வாங்கிக்கோங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்பார். என்னிடம் வெட்டுத்துணி கேட்டு வருவதும் நின்றுபோயிற்று.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது மடைக்கரையில் கரிசாலை கொஞ்சம் அகலமாகப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு பொடுதலையும் தலை காட்டியது. மைனி அதைக் கிள்ளவில்லை. "இந்த வருஷம் யாரும் திங்க வேண்டாம்" என்றார்.

அப்புறம் அவருக்கு முழங்கால் மடங்காமல் போயிற்று. அண்ணன் முன்னமே இறந்துவிட்டார். பெங்களூரில் இருக்கிற மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். கிளம்புகிற அன்று மைனி என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மடையப் பாத்துக்கோ. அதுல ஒரு நல்லது உண்டு உனக்கு. யார்ட்டயும் பேச வேண்டாம். பிடுங்குனா போதும்."

பிடுங்கினேன். மைனி போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி அதுதான். "கையில்லாதது எவ்வளவு நிக்கி?" நான் ஒரு சேலை முந்தி அகலம் என்பேன். அடுத்த தடவை, இரண்டு சேலை அகலம் என்பேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்கும்.

கோடையில் தண்ணீரை அடைத்திருந்த சமயம், வாய்க்காலைத் தூர்வார ஜேசிபி வந்தது. கடைசி வயல்வரை தண்ணீர் போகும் என்று எல்லாருக்கும் சந்தோஷம். அது தேவையான வேலைதான். வண்டி மடைப் பக்கம் வந்தபோது நான் ஓடிப்போய் ஓட்டுகிற தம்பியிடம் கையைக் காட்டினேன். அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"என்னக்கா?"

"இங்கன கொஞ்சம் விட்டுரு தம்பி. கீரை நிக்கி."

அவன் எட்டிப் பார்த்தான். "மேல இருந்து பாத்தா எல்லாம் பச்சையாத்தான்க்கா தெரியுது. எது கீரை, எது களைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இறங்கி நின்று ஓரம் காட்டினேன். அவன் நல்ல பையன். நான் காட்டிய இடத்தைத் தொடவில்லை. ஆனால் மேல்பக்கத்திலிருந்து அள்ளிய வண்டலை அந்தக் கரையிலேயே கொட்டித்தான் ஆக வேண்டும். கொட்டி, வாளியின் முதுகால் தட்டிச் சமன் செய்தான். அந்த வண்டல் முழுக்க நறுக்குப்பட்ட கொடிகள்.

தண்ணீர் திறந்த கொஞ்ச நாளிலேயே கை வைத்த இலை கரையை மூடிவிட்டது. நான் கையால் வண்டலைத் தோண்டிப் பார்த்தேன். கரிசாலை அழுகிக் கறுத்துக் கிடந்தது. அந்த வாரம் மைனி கூப்பிட்டபோது, பேரன் போனில் முகம் பார்த்துப் பேசுகிற வசதியைப் போட்டுக் கொடுத்திருந்தான்.

"கரைக்குப் போயிக் காட்டு" என்றார்.

"இப்ப வெயிலா இருக்கு மைனி."

"பரவால்ல, காட்டு."

போனேன். போனைத் திருப்பிப் பிடித்தேன். மடையிலிருந்து பார்வை எட்டுகிற தூரம்வரை, இரண்டு கரையிலும், ஒரு கையகலம் இடைவெளி இல்லாமல் மஞ்சள். தண்ணீரிலும் அதன் நிறம் விழுந்திருந்தது. ஜேசிபி வந்ததையும், அந்தப் பையனையும், வண்டலையும் நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"பாக்க அழகாத்தாம்ட்டி இருக்கு" என்றார் மைனி.

நான் போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போதும். போனைத் திருப்பு, உன் மூஞ்சியப் பாப்போம்."

திருப்பினேன். பண்டிகைக்குத் தையல் நிறைய வந்திருக்கிறதா, மகளுக்கு வரன் ஏதும் பார்க்கிறோமா, ஐயர் மாறிவிட்டாரா என்றெல்லாம் விசாரித்தார். அதன் பிறகும் அவர் பலமுறை கூப்பிட்டார். கரிசாலையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.